உர்போவின் துப்பாக்கியில் என்ன கோளாறு?

"என்ன மாமா, இதுவும் போச்சா?"

வாக்கி டாக்கியில் ரமியின் குரலைக் கேட்டதும், வேட்டைக் குழுவின் தலைவர் ஒஸ்மோவுக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது.

"போச்சுப்பா," என்றார் உர்போ மறுமுனையில். "முதுகுக்கு மேல போயிடுச்சு போலிருக்கு."

குதிரை உயரத்துக்கு நிற்கும் மூஸ் மான். நாய் அதைக் காடெல்லாம் துரத்தி, உர்போ காவலிருந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டிருந்தது. மானும் சமர்த்தாக, அங்கே கம்பத்தில் வைத்திருந்த உப்புக்கட்டியை நக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைத் தவறவிடவும் ஒரு திறமை வேண்டும் என்றான் ரமி. இந்தப் பருவத்தில் உர்போ விட்ட மூன்றாவது மான் அது.

சாயங்காலம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, மானுங்களுக்குள்ள பேச்சு பரவிடுச்சாம். உயிர் மேல ஆசை இருந்தா உர்போ பக்கம் ஓடுங்கன்னு," என்றான் ரமி.

எல்லோரும் சிரித்தார்கள். உர்போவும் சிரித்தார்.

"விளையாட்டு இல்ல தலைவரே. அடுத்த சனிக்கிழமை முடிவு பண்ணிடணும். மாமாவோட இடத்தை எனக்குக் குடுங்க. சுட முடியாதவங்க வீட்ல இருக்கட்டும்," என்றான் ரமி ஒஸ்மோவிடம்.

உர்போவின் சிரிப்பு நின்றுவிட்டது. மனைவி போனபிறகு வாரத்தில் ஆறு நாள் அவருக்குப் பேச்சுத்துணை வீட்டு ரேடியோதான். சனிக்கிழமை மட்டும்தான் மனித முகம்.

"துப்பாக்கியிலதான் ஏதோ கோளாறு, தம்பி. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்," என்றார் ஒஸ்மோவிடம் மெதுவாக.

துப்பாக்கியில் கோளாறு என்றால் ஒஸ்மோவுக்குச் சோறு தண்ணி இறங்காது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டுவிட்டார். குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகளை முறுக்கிப் பார்த்தார். ஒன்றுகூடத் தளரவில்லை. சுட்டுச் சுட்டுக் குழாய்க்குள் படிந்திருந்த குண்டுச் செம்பையெல்லாம் தேய்த்து எடுத்தார். வேறு தோட்டா வாங்கிப் போட்டார். பயிற்சித் திடலில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டார். குண்டெல்லாம் நட்டநடு வட்டத்தில் போய் உட்கார்ந்தன.

துப்பாக்கி பத்தரை மாற்றுத் தங்கம். அப்படியென்றால் கோளாறு ஆளிடம்தான்.

சுடும்போது தோளில் விழும் உதைப்புக்குப் பயந்து கடைசி நொடியில் கண்ணை மூடித் தோளைக் குலுக்குகிறவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழியும் உண்டு. உர்போவைத் திடலுக்கு வரவழைத்து, அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார் ஒஸ்மோ.

"சுடுங்கண்ணே."

'டிக்' என்ற சத்தம்தான் வந்தது. குழாய் இம்மியும் அசையவில்லை. அதன்மேல் காப்பி டம்ளரை வைத்திருந்தால்கூடத் தளும்பியிருக்காது.

"வெடிக்கலையே," என்றார் உர்போ ஆசையாக. "இதுதான் கோளாறோ?"

ஒஸ்மோவுக்கு மண்டை காய்ந்தது. மிச்சமிருந்தது மான் நின்ற இடம் ஒன்றுதான். சனிக்கிழமை காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அங்கே போனார்.

உப்புக்கட்டி வைத்திருந்த கம்பத்துக்கு நேர் பின்னால் ஒரு பட்டுப்போன பைன் மரம். அதில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கறுத்த கணு. கணுவின் நடுவில் மூன்று ஓட்டைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

சட்டைப் பையிலிருந்து ஒரு யூரோ காசை எடுத்து எட்டி வைத்துப் பார்த்தார். மூன்றும் அதனடியில் மறைந்துவிட்டன.

ஒஸ்மோ மரத்தடியில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார். தூரத்தில் ரமியின் வண்டிச் சத்தம் கேட்டதும், குனிந்து ஒரு பிடி பாசியைப் பிய்த்து ஓட்டைகளை அடைத்துவிட்டு வந்தார்.

"என்ன தலைவரே, கோளாறு கிடைச்சுதா?" என்றான் ரமி கூட்டத்தில்.

"கிடைச்சுது. துப்பாக்கியோட மர அடிக்கட்டை ஈரத்துல வளைஞ்சு குழாயை முட்டுது. சூடேறினா குண்டு மேல போகும். கோளாறு துப்பாக்கியில இருக்க, மனுஷனை நீக்கறது நியாயமில்ல."

"அப்ப வேற கட்டை போடலாமே?"

"அந்தக் காலத்துத் துப்பாக்கிடா. அதுக்குக் கட்டை எங்க கிடைக்குது? அதுவாக் காயணும். அவ்வளவு அவசரம்னா அதுவரைக்கும் உன் புதுத் துப்பாக்கியை அவருக்குக் குடேன்."

ரமி தன் துப்பாக்கியை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

எல்லோரும் காட்டுக்குள் கலைந்ததும் உர்போ ஒஸ்மோவின் பக்கத்தில் வந்தார்.

"கட்டை வளையலையே தம்பி. நேத்து ராத்திரிகூட எண்ணெய் போட்டுத் துடைச்சேன்."

"தெரியும். மரத்தையும் பார்த்துட்டேன்."

உர்போ தலையைக் குனிந்துகொண்டார்.

"கோடை பூரா நான்தான் அதுங்களுக்கு உப்பு சுமந்துட்டுப் போய் வைக்கறேன். நம்பி வந்து நக்கிட்டு நிக்குது. வான்னு கூப்பிட்டுட்டு எப்படிச் சுடறது? அதைச் சொன்னா சுட மாட்டாதவனுக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. சனிக்கிழமையும் வீட்லயே கிடக்க முடியாதுப்பா."

ஒஸ்மோ அவர் தோளில் இருந்த துப்பாக்கி வாரைச் சரிசெய்துவிட்டார்.

"போய் உங்க இடத்துல உட்காருங்கண்ணே. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இனிமே அங்கங்கே சிதறவிட்டுத் தவறவிடுங்க. இவ்வளவு குறி பார்த்துத் தவறவிட்டா எவன் நம்புவான்?"