கொத்தனாரின் கம்பம்

"நாலு வருஷமா அதே முப்பது மீட்டர். கடல் நெருங்கவே இல்லை. உங்க தெருவுக்குத் தடுப்புச்சுவர் கிடையாது," என்றார் வீடு தேடி வந்த கடலோர அதிகாரி.

கொத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது. அந்தச் சுவருக்காகத்தான் சம்பளமில்லாமல் வாராவாரம், அதிகாரி கரையில் நடச்சொன்ன கம்பத்திலிருந்து அலைவரை நாடா பிடித்து அளந்து அனுப்பினார்.

"கம்பம் சரியா நிக்குதா?"

"நம்ம வேலை சுத்தம் சார். முப்பது மீட்டர்ல நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? தண்ணி கிட்ட வந்தா உடனே பிடுங்கி, முப்பது அளந்து பின்னால நட்டுடுவேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "இப்ப எங்க நிக்குது?"

"அடுப்படிச் சுவரை ஒட்டி சார்," என்றாள் மனைவி. "அடுத்த தடவை அடுப்பை எடுத்துட்டுத்தான் நடணும்."