மத்தி டப்பா கேட்ட கேள்வி

மளிகைக்கடை அலமாரியில் இருந்த மத்தி மீன் டப்பாவுக்கு வயிறு உப்பிவிட்டது. நேராக நிற்க முடியாமல் தள்ளாடியது. பக்கத்திலிருந்த பால் பவுடர் டப்பா அதைத் தன்மேல் சாய்த்துக்கொண்டது.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். பால் டப்பா முன்னால் நகர்ந்து மத்தியை மறைத்தது.

"சத்தம் போடாதே. பார்த்தா உன்னைக் கொண்டுபோய்ப் புதைச்சிடுவாங்க."

அதிகாரி இரண்டு டப்பாக்களையும் தாண்டிப் போனார். அப்போது நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கடைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு மீன் டப்பா குடுங்க. நாக்கு கேக்குது."

கடைக்காரர் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"அக்கா, எனக்குள்ள எல்லாம் கெட்டுப்போச்சு. கொஞ்சம் விலகிக்கோ," என்றது மத்தி.

பால் டப்பாவுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் விலகியது. மத்தி உருண்டுபோய் அதிகாரியின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். அதே பெட்டியில் வந்த மத்தி டப்பாக்கள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து, சாக்கில் கட்டி, முத்திரை வைத்தார்.

"பயமா இருக்கா?" என்று பால் டப்பா மெல்லக் கேட்டது.

"இல்லக்கா. எங்க பெட்டியில வந்தவங்க எல்லாரும் கூடத்தான் இருக்காங்க," என்றது மத்தி சாக்குக்குள்ளிருந்து. "அந்தப் பொண்ணு என்ன வாங்கினா?"

"முட்டை வாங்கிட்டுப் போறா."

"அப்ப சரி," என்றது மத்தி.