நாலு சொட்டு

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே முக்காலுக்குத் திலகவதி நான்ஸ்டிக் தவாவில் எண்ணெய் விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா, எண்ணி நாலு சொட்டு,” என்றாள் செங்கமலம் தன் கணவரிடம். “நான் ஊத்துனா மட்டும் கஞ்சத்தனமா?”

கணவர் நாகராசு தவாவை எட்டிப் பார்த்தார். சட்டை அவர் தோளில் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

திலகவதியின் ‘நாலு சொட்டு சமையல்’ வீடியோக்களை ஆறு மாதமாகப் பார்த்து, அதன்படியே சமைத்து, கணவரைப் பதினோரு கிலோ இளைக்க வைத்தவள் செங்கமலம். அரிமளத்திலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் திலகவதி வீட்டுக்கு வந்திருந்தாள்.

இளைத்தவர் தன் வாயால் சொல்லும் வீடியோ ஒன்று திலகவதிக்கு அவசரமாக வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் அதைக் கொடுத்தால், ஒரு பாத்திரக் கம்பெனி தன் விளம்பரத்துக்கு அவளை எடுத்துக்கொள்ளும்.

“நாளைக்குத்தானக்கா வரச் சொன்னேன்,” என்றாள், சுரைக்காய் அடை மாவைத் தவாவில் பரப்பிக்கொண்டே.

“இவுகளுக்கு இன்னைக்குத்தான் லீவு மேடம். சொல்லாமக் கெளம்பி வந்துட்டோம். தொந்தரவா?”

“தொந்தரவெல்லாம் இல்லக்கா.”

கூடத்து ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் இண்டக்‌ஷன் அடுப்பு. வீடியோவெல்லாம் அங்கேதான் எடுப்பது வழக்கம். திலகவதியின் கணவன் முத்துராமன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

அடை ஒட்டாமல் புரண்டது. செங்கமலம் கை தட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“கறி வாசன வருதே.”

“பக்கத்து வீடு,” என்றாள் திலகவதி. “ஞாயித்துக்கெழமையானா இப்படித்தான்.”

“நல்லெண்ணெய்ல பெரட்டுறாங்க போல,” என்றான் முத்துராமன். மனைவி பார்த்த பார்வையில் போன் ஆடியது.

“இந்த வெயில்ல கறியும் எண்ணெயுமாத் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? அவங்களையும் ஒங்க வீடியோவப் பாக்கச் சொல்லலாமே மேடம்.”

“எத்தனையோ தடவ சொல்லியாச்சுக்கா. கேக்குற ஆளுங்க இல்ல.”

நாகராசு எழுந்தார். நாற்காலியைத் தூக்கிப் போய்ச் சமையலறைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்கிட்டுத்தான் காத்து நல்லா வருது,” என்றார்.

தட்டில் அடையும் வெள்ளரிப்பிஞ்சுத் தயிர்ப்பச்சடியும் வந்தன. நாகராசு ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். பிறகுதான் மென்றார்.

“மூச்சுப் பயிற்சி,” என்றாள் செங்கமலம் பெருமையாக. “ஒரு வாரமாப் பழக்குறேன். மேடம், அப்படியே ஒங்க அடுப்படியையும் ஒரு தடவ பாத்துட்டா, ஊர்ல எங்க மகளிர் குழுவுல சொல்லிக்குவேன்.”

“உள்ள பெயிண்ட் அடிச்சிருக்குக்கா. சேலையில ஒட்டிக்கும்.”

செங்கமலம் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முத்துராமன் போனை நாகராசுவின் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

“எத்தன கிலோ கொறைஞ்சீங்கண்ணே?”

“பதினொண்ணு.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“இவ போட்டத.”

“காலையில கம்பங்கூழு, மத்தியானம் சுரைக்கா, ராத்திரிக்கு மோரு,” என்று செங்கமலம் விவரித்தாள்.

“ராத்திரிக்கு வெறும் மோரா?” முத்துராமனின் குரல் தளர்ந்தது.

“ரெண்டு டம்ளர்,” என்றார் நாகராசு.

“சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே,” என்றாள் திலகவதி.

நாகராசு தட்டில் மிச்சமிருந்த அடையைத் திருப்பிப் பார்த்தார்.

“இருந்துச்சு.”

திலகவதி போனை நிறுத்தச் சொன்னாள். “அண்ணே, ‘இனி வாழ்நாள் முழுக்க எனக்கு நாலு சொட்டுதான்’ அப்படின்னு ஒரே ஒரு வரி. சிரிச்ச மொகமாச் சொல்லணும். கம்பெனிக்கு அதுதான் முக்கியம்.”

போன் மறுபடி ஓடியது. நாகராசு வாயைத் திறந்தார். “இனி” என்றார். “வாழ்நாள்” என்றார். அதற்குமேல் வரவில்லை. தண்ணீர் கேட்டார்.

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் வாழ்நாளோடு நின்றுவிட்டது.

“நான் பக்கத்துல இருந்தா இவுகளுக்குக் கூச்சம்,” என்று செங்கமலம் எழுந்தாள். “சார், நீங்க வாங்க. வாசல்ல நின்னு எங்க குழுவுக்கு ஒரு வீடியோ எடுத்துருவோம். அதுக்குள்ள மேடம் இவுகளுக்குச் சொல்லிக் குடுத்துருவாங்க.”

முத்துராமன் சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, மனமில்லாமல் அவள் பின்னால் போனான்.

திலகவதி நாகராசுவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒரே வரிதாண்ணே. அதச் சொல்ல என்ன தயக்கம்?”

நாகராசு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவியின் சிரிப்புச் சத்தம் தெருப்பக்கம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பக்கத்து வீட்டுக் கறி அடிபிடிக்குது தங்கச்சி. போயிக் கிண்டி விட்டுட்டு, அவ வர்றதுக்குள்ள எனக்கு ஒரு கிண்ணம் கொண்டாந்தீங்கன்னா, வாழ்நாள் முழுக்கன்னு சொல்லிர்றேன்.”