மாதா குனிந்த வீடு

எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தது.

ஒரே ஒரு அடி. தேரைத் தோளில் சுமந்து வந்த முப்பது பேரும் நின்றார்கள். முன்வரிசைக்காரர்கள் முழங்காலை மடக்க, மாதா எங்கள் பால்கனியைப் பார்த்துக் குனிந்தாள்.

பேண்டு வாத்தியம் பாதியில் நின்றுபோனது.

ஆகஸ்ட் பதினைந்து திருவிழாவில் எங்கள் ஊர் மாதா எல்லா வீட்டுக்கும் குனிவதில்லை. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான். அந்த வீட்டார் பால்கனியில் கறுப்புத் துணி போட்டிருப்பார்கள். மற்றவர்கள் இருப்பதிலேயே நல்ல படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவோம். நான் என் கல்யாணச் சீரில் வந்த சிவப்புப் பட்டு விரிப்பைப் போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. இருப்பதே இரண்டு பேர். நானும், சலவைச் சட்டையோடு பக்கத்தில் நின்ற என் கணவர் சவேரியோவும்.

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடியும்வரை மாதா குனிந்தே இருப்பாள். தெரு முழுக்க முணுமுணுவென்று ஆரம்பித்தது. வாய் ஓயாத எதிர்வீட்டு ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

எல்லோருக்கும் விஷயம் தெரியும். செவ்வாய்க்கிழமை சவேரியோ ரெஜ்ஜோ நகரத்துக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார்.

கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில். இதே மாதாவின் கன்னத்து வெடிப்பைப் போன மாதம் அடைத்துப் பூசியவர் அவர்தான். மார்ச் மாதம் கோயில் கூரையில் சம்மனசுகளுக்குச் சிறகு தீட்டிக்கொண்டிருந்தபோது, சாரத்தின் மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார், சந்தைத் திடலில் மாட்டு டாக்டரைச் சுட்டவனை.

பார்த்தால் என்ன? ஊரில் பாதிப் பேர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அத்தனை பேர் கண்ணிலும் தூசி விழுந்துவிட்டது. என் மனுஷன் கண்ணில் மட்டும் விழவில்லை. சுட்டவன் மேல்தெருக்காரன் என்று போலீசில் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்து, பசிக்கிறது, என்ன சமையல் என்று கேட்டார்.

ஊரையே கைக்குள் வைத்திருக்கும் மேல்தெருக்காரர்கள் யாரையும் சத்தம்போட்டு மிரட்டுவதில்லை. ஏப்ரலில் ஒருநாள் எங்கள் ஒலிவ மரங்கள் அத்தனையும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. புதுக் கன்று நடலாம் என்றார் சவேரியோ. பிழைக்கத் தெரியாத மனுஷன். அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை.

இரண்டாவது மரியே தொடங்கியது. தேர் தூக்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் கைநனைத்தவர்கள். ஒருவரும் கண்ணை உயர்த்தவில்லை.

தேருக்கு முன்னால் மணியோடு நின்றது என் கூடப்பிறந்த அண்ணன் கொசிமோ. இருபது வருஷமாக அவன்தான் மணிக்காரன். எந்தெந்த வீட்டில் மாதாவை நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் அவன் சட்டைப் பையில் இருக்கும். அவனும் நிமிரவில்லை.

சவேரியோவின் முகம் வெளுத்துவிட்டது. பால்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது. பயந்தால் போதும் தாயே, செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளட்டும்.

அவர் கொசிமோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு ஓடினியே, இதுக்குத்தானா? என்னைப் பயமுறுத்த மாதாவையே கூட்டிட்டு வந்துட்டீங்க ரெண்டு பேரும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போனது உண்மை. இதைக் கேட்கத்தான் போனேன் என்பதும் உண்மை. எங்கள் வாசலில் ஒரே ஒரு அடி அடி அண்ணா, பயந்துபோயாவது மனுஷன் வீட்டில் கிடக்கட்டும் என்று கொசிமோவின் காலில் விழுந்தேன்.

அவன் கதவைத் தாழிட்டுவிட்டுப் பட்டியலை எடுத்துக் காட்டினான். ஏழு வீடுகள் அவன் கையெழுத்தில் இருந்தன. எட்டாவதாக எங்கள் வீடு, வேறு யாருடைய கையெழுத்திலோ. யார் எழுதியது என்று கேட்காதே என்றான். மேல்தெருவில் பேசிப் பார்க்கிறேன், அதுவரை உன் புருஷனிடம் மூச்சு விடாதே என்றான்.

இப்போது மணி அடித்துவிட்டது. இனி எதை மறைப்பது? அத்தனையையும் சவேரியோவிடம் கொட்டினேன்.

“மாதா மேல ஆணையா நாங்க செய்யலங்க.”

கையெழுத்து வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாயே என்று என் கன்னத்தைத் தட்டினார். மாதக்கணக்கில் அவர் முகத்தை அத்தனை தெளிவாக நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணி பஸ்ஸுக்கு எழுப்பிவிடு என்றார்.

மூன்றாவது மரியே முடிந்தது. தூக்கியவர்கள் எழுந்தார்கள், மாதா நிமிர்ந்தாள். சவேரியோ கம்பிமேல் சாய்ந்து கீழே கையை ஆட்டினார்.

“நல்லா நடிச்ச, மச்சான்!”

கொசிமோ அப்போதுதான் தலையைத் தூக்கினான். அத்தனை ஜனத்துக்கு நடுவில் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தான்.

சவேரியோ அதற்கும் சிரித்தார்.