இரண்டு தராசுகள், ஒரு கயிறு

கயிற்றின் ஒரு முனையில் இயற்பியல் டீச்சர். மறுமுனையில் அவருடைய கணவர், எங்கள் பி.டி. சார்.

இருவர் கையிலும் ஆளுக்கொரு ஸ்பிரிங் தராசு, மூட்டை நிறுக்கிற பெரிய ரகம். கயிறு அவற்றின் கொக்கிகளில் மாட்டியிருந்தது. நியூட்டனின் மூன்றாம் விதியை எங்கள் மண்டையில் ஏற்ற டீச்சர் கண்டுபிடித்த வழி இது.

நாங்களோ விதியைவிட அவர்கள் முகங்களைத்தான் அதிகம் பார்த்தோம்.

பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த விஷயம். டீச்சருக்கு வேறு ஊரில், பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மைதானத்தை விட்டு வரமாட்டேன் என்று சார் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் டீச்சர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மொத்த வகுப்பும் சார் கட்சி. அவர் அசையாவிட்டால் டீச்சரும் போகமாட்டார் அல்லவா? சுயநலம்தான். இப்படி ஒரு டீச்சர் மறுபடி எங்கே கிடைப்பார்?

சார் இழுத்தார். டீச்சர் வழவழத் தரையில் சறுக்கிக்கொண்டு அவர் பக்கம் போனார். ஓவென்று கத்தினோம்.

தராசுக்கு ஒருவராகப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்த மாணவர்கள் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். இரண்டிலும் ஒரே எண்.

தராசு கெட்டுப்போச்சு என்றோம். டீச்சரும் சாரும் தராசுகளை மாற்றிப் பிடித்தார்கள். மறுபடியும் டீச்சர் சறுக்கினார், மறுபடியும் ஒரே எண்.

அதெப்படி? இழுப்பு சமம் என்றால் சார் எப்படி ஜெயிக்கிறார்? எனக்கு மண்டை குடைந்தது. அவர்கள் வீட்டுச் சண்டைகூட மறந்துபோனது.

“கயித்தைப் பார்த்தா தெரியாது. கீழ பாருங்க,” என்றார் டீச்சர்.

எல்லாத் தலையும் குனிந்தது. டீச்சர் காலில் தேய்ந்துபோன செருப்பு. சார் காலில் பல் பல்லாக ரப்பர் அடி வைத்த ஷூ. தரை யாரை இறுக்கிப் பிடிக்கிறதோ அவர் நிற்கிறார், அவ்வளவுதான்! எனக்குப் புல்லரித்தது.

நாங்கள் நிமிர்ந்த பிறகும் சார் குனிந்தே இருந்தார். தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்தார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

வெறும் காலுறையோடு வந்து தராசைக் கையில் எடுத்தார்.

இந்த முறை டீச்சர் இழுக்க, அவ்வளவு பெரிய மனிதர் வழுக்கிக்கொண்டே அவர் பக்கம் வந்து சேர்ந்தார். முள்கள் அப்போதும் சமம்தான். கைதட்டலில் வகுப்பே இரண்டுபட்டது. சார் கட்சி என்பதை மறந்து நானும் தட்டினேன்.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. எதிரே நின்ற சார் தாழ்ந்த குரலில் கேட்டது முன் பெஞ்சில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

“நாம எப்பக் கிளம்பணும்?”

டீச்சர் தராசைக் கீழே வைக்காமலே சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

பின்னால் எல்லோரும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்திவிட்டேன்.