ஹாரன் அடிடா இளா

நண்பன் சுஃப்யான் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவனுடைய எம்பி3 பிளேயரை ஆக்ஸ் வயரில் கார் ஸ்டீரியோவுக்கு மாட்டிக்கொண்டு, ஆலங்காயத்திலிருந்து தனியாக மலையேறினேன். வளைவுகளில் நான் ஹாரன் அடிக்க மறப்பேன் என்று, ஒவ்வொரு வளைவும் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, பாட்டுகளுக்கு நடுவே அவன் பேசிப் பதிந்து வைத்திருந்தான்.

"ஹாரன் அடிடா இளா, எதிர்ல பஸ் வந்துனுகீது!"

அந்தக் குரலைக் கேட்கத்தான் வந்தேன்.

மூன்றாம் வளைவு தாண்டியதும் பிளேயரை ஓடவிட்டபடியே இறங்கி, ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. இனி அவன் குரல் எந்த வளைவுக்கும் பொருந்தி வராது.

நான்காம் வளைவில் சரியாகப் பேசினான்.

"இன்னாடா, தனியாவா டீ குடிச்ச? சரி, ஹாரன் அடி."

அடித்தேன். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. ஓரம்கட்டி, இடப்பக்கக் கதவின் லாக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.