தொடக்கூடாத கை

கோவை மருத்துவமனையொன்றின் பச்சிளங்குழந்தைகள் வார்டில், மகளின் தொட்டிலருகே இல்யாஸ் நிற்கிறான். ஜன்னல் வழியே மாலை வெயில் அவள்மேல் விழுகிறது. பிறந்து ஆறு மணி நேரம்தான் ஆகிறது. வாயில் குழாய், பாதங்களில் நீலம். "ஆக்சிஜன் குறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கிக்குமுங்க. சுருங்கச் சுருங்க ஆக்சிஜன் இன்னும் குறையும். குழாய் விரியறதுக்குத்தான் மருந்துக் காத்து குடுக்கறமுங்க," என்கிறார் டாக்டர். "தொட்டுடாதீங்க. புள்ள திடுக்கிட்டா மறுபடி இறங்கிப்போடும்." திரையில் ஆக்சிஜன் அளவு எழுபத்தொன்று. அடுத்த தொட்டிலில் ஏதோ மணி அடிக்க, அவன் மகளின் திரையைப் பார்க்கிறான். பிரசவ வார்டிலிருந்து மனைவி ரம்ஷா போனில் கேட்கிறாள்: "ஏனுங்க, கையைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்குதா?" திரையில் எழுபத்து மூன்று; உடனே எழுபத்திரண்டு. வலது கையை முதுகுக்குப் பின்னால் இறுக்கி மூடிக்கொள்கிறான். "தொட்டேன் ரம்ஷா. சூடாத்தான் இருக்குது."